மதிலுக்கு அப்பால்

கரியாஹாட் மேம்பாலத்தின் கீழ் மாலை வேளையில் நின்று பார்த்திருக்கிறீர்களா, நண்பர்களே? ஒருபுறம் சதுரங்கப் பலகைகளைச் சுற்றி ஒரு கூட்டம். காய் நகர்த்துவோர் இருவர். அறிவுரை கூறுவோர் இருபதின்மர். மறுபுறம் சேலைக் கடைக்காரர்களின் கூவல். இவற்றைத் தாண்டி, பாலிகஞ்ச் ரயில் நிலையத்தை நோக்கிச் செல்லும் நடைபாதையில், நீலத் தார்ப்பாய் ஒன்றின் அடியில் ஒரு குடும்பம் சோறு வடித்துக்கொண்டிருக்கும். அந்தத் தார்ப்பாயைச் சுற்றிக்கொண்டுதான் நாம் நாள்தோறும் கல்லூரிக்குப் போகிறோம். குனிந்து பார்ப்பவர் யார்?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நாங்கள் நால்வர் குனிந்து பார்த்தோம். ஆய்வுக்கூடத் தோழர் இருவர், விடுதி நண்பர் ஒருவர், நான். ஒரு கரும்பலகையும் ஒரு பெட்டிச் சுண்ணக்கட்டியும் வாங்கினோம். ஞாயிறு காலையில் எட்டுப் பிள்ளைகள் வந்து அமர்ந்தனர். உள்ளம் பூரித்தது, நாட்டையே உயர்த்திவிட்டவர்கள்போல் அன்று தேநீர் அருந்தினோம். மூன்று ஞாயிறுகள் சென்றோம். நான்காம் ஞாயிறு செய்முறைத் தேர்வுக்குப் படிக்கவேண்டியிருந்தது. ஐந்தாம் ஞாயிறு கனமழை. ஆறாம் ஞாயிறு எவரும் எவரையும் அழைக்கவில்லை. பூஜை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பிய பின் ஒரு நாள் அவ்வழியே நடந்தேன். ஒன்பது வயதிருக்கும் ஒரு சிறுமி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்கள் வரவில்லையே, நான் ஏழாம் வாய்ப்பாடு வரை படித்து வைத்திருந்தேன்" என்று வங்காளத்தில் கூறினாள். குறையாகச் சொல்லவில்லை, ஒரு செய்தியாகச் சொன்னாள். அதுவே எனக்குத் தாங்க முடியாததாயிற்று.

அன்றுமுதல் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்தது. நாங்கள் மூன்று வாரத்தில் கைவிட்ட ஒன்றை, இதே நகரத்தில் சிலர் முப்பது ஆண்டு, எழுபது ஆண்டு விடாமல் செய்து வருகின்றனரே, அஃது எங்ஙனம்? "அவர்கள் மகான்கள்" என்று விடை கூறிவிடலாம். அவ்விடை நமக்கு மிகவும் வசதியானது. நாம் மகான்கள் அல்லர் ஆதலால் நமக்கு வேலையில்லை என்று அது முடித்து வைத்துவிடுகிறது. அறிவியல் மாணவனுக்கு அது போதாது. இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் ஓடுவது எது, ஓட்டுவது எது என்று தெரியும் அன்றோ? கரியாஹாட்டிலிருந்து பேருந்து ஏறி, பார்க் சர்க்கஸ் தாண்டி, எண்டாலி வரை சில முறை சென்று வந்தேன். கிடைத்த நூல்களையும் படித்தேன். அறிந்ததை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு சொல். கத்தோலிக்கர் 'பங்கு' என்பார்கள். நான் கத்தோலிக்கன் அல்லன். ஆயினும் நெல்லைச் சீமையில் பிறந்தவனாதலால் 'பங்குச் சாமியார்' என்ற சொல் சிறு வயதிலேயே காதில் விழுந்தது. அவர் மிதிவண்டியில் எங்கள் தெருவைக் கடக்கும்போது, "இன்றைக்கு யார் வீட்டில் நோவு?" என்று என் பாட்டி கேட்பார். பங்கு என்பது ஒரு கோயிலும் அதைச் சுற்றிய ஓர் எல்லையும் ஆகும். இந்தத் தெரு முதல் அந்த வாய்க்கால் வரை என்று வரையறுத்து, அதற்குள் வாழும் தம் மக்களுக்கு ஒரு குருவைப் பொறுப்பாக்குகிறார்கள். அவர் உலகம் முழுவதையும் நேசிக்கலாம்; கணக்குக் கேட்கப்படுவது அந்த எல்லைக்குத்தான். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் அதே எல்லைக்கு வருவார். ஏழைக்கு உதவும் எண்ணம் இந்த அமைப்பில் தோன்றும்போது, அதற்கு ஏற்கெனவே ஓர் இடமும் ஒரு கூடமும் ஒரு சாவியும் ஆயத்தமாக இருக்கின்றன. எங்கள் நால்வருக்குக் கரும்பலகையை வைக்க இடமில்லை; ஒவ்வொரு வாரமும் அதைத் தலையில் சுமந்து விடுதிக்கு மூன்று மாடி ஏறினோம். சிறிய செய்தியாகத் தோன்றும். நான்காம் ஞாயிறு போகாததற்கு அந்த மாடிப்படியும் ஒரு காரணம்.

இரண்டாவது செய்தி மாணவர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றில் 'வின்சென்ட் தே பவுல் சபை' என்ற பெயரைக் காணலாம். யாரோ ஒரு கிழக் குருவானவர் நிறுவியது என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. அதைத் தொடங்கியவர்கள் பாரிஸ் நகரத்துக் கல்லூரி மாணவர்கள், ஆண்டு 1833. அவர்களுள் ஒருவரான பிரெடெரிக் ஓசானம் என்பவருக்கு அவர்கள் முதன்முதல் கூடிய ஏப்ரல் 23 அன்றுதான் இருபது வயது நிரம்பியது. மாணவர்களுக்கு ஒரு விவாத மன்றம் இருந்தது. அங்கே சமயத்தின் பெருமைகளை அவர் எடுத்துரைக்க, எதிரணியில் ஒருவர், "பழம்பெருமை இருக்கட்டும், இன்று நீங்கள் ஏழைகளுக்காக என்ன செய்கிறீர்கள்?" என்ற பொருள்படக் கேட்டுவிட்டார். நம் மன்றத்திலும் பழம்பெருமை பேசும் கூட்டங்கள் உண்டு. இப்படியொரு எதிரணிதான் இல்லை. கேள்வி தைத்தது. ஏழையர் வாழும் வீடுகளை நன்கறிந்த ரோசலி ரெந்து என்னும் கன்னியரிடம் அம்மாணவர்கள் சென்றனர். எந்த வீட்டுக்குப் போவது, போனால் எப்படிப் பேசுவது என்பதை அவர் கற்பித்தார்.

அவர்கள் வகுத்துக்கொண்ட முறை எளியது. வாரம் ஒரு முறை கூடவேண்டும். இருவர் இருவராக வீடுகளுக்குச் செல்லவேண்டும். பணத்தை அனுப்பிவைத்தால் போதாது. தாமே நேரில் போகவேண்டும். திரும்பிவந்து கண்டதைக் கூட்டத்தில் கூறவேண்டும். இதில் இருவர் என்பது நுட்பமானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவனுக்குச் சோம்பல் வந்தால் மற்றவன் வாசலில் வந்து நிற்பான். இருவருக்கும் ஒரே நாளில் சோம்பல் வருவது அரிது. வராது என்று நான் உறுதி கூறமாட்டேன்.

இனி எண்டாலிக்கு வருவோம். அங்கே லொரெட்டோ கன்னியரின் பெரிய வளாகம் உண்டு. உயர்ந்த மதில், உள்ளே மரங்கள், பள்ளிகள். அவற்றுள் வங்காள வழியில் பயிற்றுவித்த புனித மரி பள்ளியில் 1931 முதல் ஆசிரியையாக இருந்தவர் தெரேசா. பின்னாளில் உலகம் அன்னை என்று அழைத்த அதே தெரேசாதான். 1944-இல் தலைமையாசிரியை ஆனார். மதிலுக்கு அப்பால் மோத்தி ஜில் என்னும் பஸ்தி. 'முத்து ஏரி' என்று பொருள்படும் பெயர். ஏரி என்பது நடுவிலிருந்த ஒரு குளம். குடிக்கவும் குளிக்கவும் கழுவவும் அது ஒன்றே. முத்து எங்கே என்று நான் ஆராயவில்லை.

மடத்துக் கன்னியர் பணி நிமித்தமன்றி மதிலைத் தாண்டலாகாது என்பது அக்கால விதி. ஆனால் மாணவியருக்கு அந்த விதி இல்லை. பள்ளியில் 'மாதா சபை' என்று மாணவியர் சங்கம் ஒன்று இருந்தது. அதற்கு வழிகாட்டியாக 1941 அளவில் வந்தவர் ஜூலியன் ஆன்றி என்னும் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு. அருகிலுள்ள மவுலாலிப் பகுதிப் புனித தெரேசா கோயிலின் பங்கைச் சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டலில் மாணவியர் வாரந்தோறும் கூடினர். கூட்டம் முடிந்ததும் ஒரு குழு மருத்துவமனைக்குச் செல்லும். இன்று நீல்ரதன் சர்க்கார் பெயரைத் தாங்கியிருக்கும் அதே மருத்துவமனைதான். இன்னொரு குழு மோத்தி ஜில் பஸ்திக்குச் செல்லும். திரும்பி வந்து கண்டதைச் சொல்லும். பாரிஸ் மாணவரின் முறையேதான்; நூறு ஆண்டு கழித்து, கல்கத்தாவில், பாவாடை தாவணிப் பருவத்துப் பெண்களின் கையில் ஓடியது.

1943-இல் வங்காளப் பஞ்சம். 1946 ஆகஸ்டில் கலவரம். அடைக்கப்பட்ட நகரத்தில் பள்ளியிலிருந்த பெண்களுக்கு உணவு தேடித் தெரேசாவே தெருவில் இறங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், டார்ஜிலிங் செல்லும் ரயிலில் தமக்கு அழைப்பு வந்தது என்று அவர் பின்னர் கூறினார். எல்லாரும் இந்த ரயிலிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். அந்த அழைப்பைப் பற்றிக் கூற எனக்கு அறிவும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் அந்த ரயில் புறப்படுவதற்கு ஐந்து ஆண்டு முன்பே, பள்ளிப் பெண்கள் வாரந்தோறும் அந்த மதிலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எந்தச் சந்தில் எந்தக் குடிசை, எந்த வீட்டில் காசநோய், எந்தப் பிள்ளைக்கு எழுத்து வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் வாயிலாக மதிலுக்கு உள்ளே வந்து சேர்ந்துகொண்டிருந்தன.

1948 ஆகஸ்டில் அவர் மடத்தை விட்டு வெளியேறினார். பாட்னாவில் மருத்துவக் கன்னியரிடம் சில மாதம் பயிற்சி பெற்றார். டிசம்பரில் மோத்தி ஜில்லில் ஒரு மரத்தடியில் பள்ளியைத் தொடங்கினார். பலகை இல்லை, தரையில் குச்சியால் வங்காள எழுத்துகளை எழுதினார். நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க இடம் வேண்டியிருந்தது. புனித தெரேசா பங்குப் பள்ளியின் வகுப்பறை, பள்ளி நேரம் முடிந்த பின், மருந்தகம் ஆயிற்று. மேலே நான் கூறிய சாவி நினைவுக்கு வருகிறதா? தங்குவதற்குக் கிரீக் லேன் 14-ஆம் எண் வீட்டின் மேல்மாடியைக் கோம்ஸ் குடும்பத்தார் கொடுத்தனர். 1949 மார்ச்சில் முதல் தோழி வந்து சேர்ந்தார்: சுபாஷினி தாஸ், எண்டாலிப் பள்ளியின் பழைய மாணவி. தொடர்ந்து வந்தவர்களிலும் பலர் பழைய மாணவியரே. 1950 அக்டோபர் 7-இல் சபைக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் பிறகு நடந்தவற்றை யாவரும் அறிவர்: காளிகட்டில் 1952-இல் நிர்மல் ஹிருதய், 1979-இல் நோபல் பரிசு, 2016-இல் புனிதர் பட்டம்.

இவ்வளவும் கூறியபின், எனக்குள் இருக்கும் தயக்கங்களையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன்.

முதலாவது, பஸ்தியின் வறுமை எழுத்தறியாமையால் மட்டும் வந்ததன்று. கல்கத்தா பஸ்தி என்றால் வழியில் எவரோ கட்டிக்கொண்ட புறம்போக்குக் குடிசை என்று நம்மவர் எண்ணுகிறோம். பெரும்பாலும் அவ்வாறில்லை. நிலம் ஒருவருடையது. அதைக் குத்தகைக்கு எடுத்து ஓடு போட்ட குடிசை வரிசைகளை எழுப்பியவர் இன்னொருவர். அவரை 'டிக்கா' குத்தகையாளர் என்பர். அறைக்கு வாடகை கொடுத்து வாழும் கூலிக்காரர் மூன்றாமவர். மூவரில் எவர் செலவழித்துச் சாக்கடை கட்டுவார்? நிலத்துக்காரருக்கு ஆதாயமில்லை, குத்தகையாளருக்கு நிலைப்பு உறுதியில்லை, வாடகைக்காரரிடம் பணமில்லை. 1949-இல் ஒரு சட்டம் குத்தகையாளருக்குச் சிறிது காப்பளித்தது. 1981-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலங்களை அரசுக்கு உரிமையாக்கியது. 1970-இல் தோன்றிய பெருநகர வளர்ச்சி ஆணையம் பஸ்திகளுக்குக் குழாயும் கழிப்பிடமும் கல் பாவிய சந்தும் கொண்டுவந்தது. இவற்றை எந்த மாதா சபையும் செய்திருக்க இயலாது. வாரம் ஒரு நாள் செல்லும் பெண் காலராக் கண்டவருக்குத் தண்ணீர் கொடுக்கலாம். காலராவைக் கொண்டுவரும் குழாயை மாற்ற மாநகராட்சிதான் வேண்டும். தொண்டைப் புகழ்ந்து பாடுவோர் இதைச் சொல்வதில்லை. சட்டத்தைப் பேசுவோரோ அந்தச் சந்துக்குள் போவதில்லை. இரு சாராரும் ஒருவரையொருவர் ஒரு முறையேனும் சந்திக்கவேண்டும் என்பது என் ஆசை.

இரண்டாவது தயக்கம் மருத்துவம் பற்றியது. 1994-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழின் ஆசிரியர் இராபின் ஃபாக்ஸ் காளிகட்டு இல்லத்தைப் பார்வையிட்டு எழுதினார். தூய்மையையும், புண்களைக் கழுவிக் கட்டும் பொறுமையையும், அன்பையும் அவர் பாராட்டினார். ஆனால் மருத்துவர் அவ்வப்போதுதான் வருகின்றார். குணமாகக் கூடிய நோயாளியையும் குணமாகாதவரையும் பிரித்தறிய எளிய முறை ஒன்றுகூட இல்லை. கடும் வலியைத் தணிக்கும் மருந்து இல்லை என்று குறை கூறினார். இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்பு இருந்தும் வலி தீரவில்லை என்றால், படுத்திருப்பவனுக்கு அது என்ன அன்பு? நம்மில் சிலர் உயிரியலும் வேதியியலும் படிக்கிறோம். இக்குறையைக் கேட்டுப் பழி தூற்றுவது எளிது. அங்கே சென்று ஒரு பதிவேடு வைக்கக் கற்றுக்கொடுத்தவர் நம்முள் எத்தனை பேர்? நானும் இல்லை.

மூன்றாவது, சமயம். காளிகட்டில் மாநகராட்சி கொடுத்த கட்டடம் கோயிலுக்கு வரும் யாத்திரிகர் தங்கும் இடமாக இருந்தது. கன்னியர் அங்கே வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. தொண்டின் பின்னே மதமாற்றம் உண்டோ என்ற ஐயம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஐயம் கொள்வது குற்றமன்று. ஆனால் ஐயத்தை வீட்டில் வைத்துப் பாதுகாப்பதைவிட அதையும் உடன் அழைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது நல்லது. நான் அப்படித்தான் போனேன்.

ஆற்றுக்கு அப்பால் ஹௌராவில் பில்கானா என்னும் பஸ்தி உள்ளது. பிரான்சு நாட்டுக் குருவானவர் பிரான்சுவா லாபோர்த் 1965-இல் இந்தியா வந்து அங்கேயே குடியிருந்தார். வாரம் ஒரு நாள் சென்று வருவது அவருக்குப் போதவில்லை போலும்! 'சிட்டி ஆஃப் ஜாய்' என்ற பெயரில் 1985-இல் வெளிவந்த நூலில் வரும் குருவானவர் பாத்திரத்துக்கு அவரும் ஒரு மாதிரி என்பர். நூலைப் படித்துக் கண்ணீர் விட்டவர் பலர். ஆனால் வேறொன்றையே நான் மிகுதியாக மதிக்கிறேன். 1976-இல் அவர் 'ஹௌரா சவுத் பாயிண்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். உடற்குறையும் மனவளர்ச்சிக் குறையும் உள்ள பிள்ளைகள்தாம் அதன் முதல் அக்கறை. ஏழைகளுக்குள்ளும் யாரைத் தூக்கிச் செல்ல ஆளில்லை என்று அங்கேயே வாழ்ந்தவருக்குத் தெரிந்திருந்தது. வெளியிலிருந்து போகிறவன் கண்ணுக்கு ஓடி வரும் பிள்ளைதான் தெரியும். ஓடி வர இயலாத பிள்ளை குடிசைக்குள் இருக்கும். எங்கள் எட்டுப் பிள்ளைகளும் ஓடி வந்தவர்கள் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

உலகின் மறு கோடியில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில், மெக்சிகோவிலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர் வாழும் பாயில் ஹைட்ஸ் பகுதி இருக்கிறது. அங்கே தொலோரஸ் மிஷன் என்று ஒரு பங்கு. அதுவும் இயேசு சபையாரின் பொறுப்பில் உள்ளது. 1986-இல் கிரெகரி பாயில் என்பவர் பங்குக் குருவானார். தெருக்குழுக்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட காலம் அது. அரசுக் குடியிருப்புகளில் பெண்கள் வாரந்தோறும் சிறு குழுக்களாக ஒருவர் வீட்டில் கூடி, வேதத்தை வாசித்து, 'நம் தெருவுக்கு இது என்ன சொல்கிறது?' என்று பேசினர். அந்தப் பேச்சிலிருந்து செயல் பிறந்தது. வீடற்ற ஆடவர் இரவில் படுக்கக் கோயிலையே திறந்துவிட்டனர். குழுக்களில் சேர்ந்ததால் பள்ளியிலிருந்து தள்ளப்பட்ட பையன்களுக்கெனத் தனிப்பள்ளி வைத்தனர். 1988-இல் வேலை தேடிக் கொடுக்கும் திட்டம். 1992-இல் ஒரு ரொட்டிக்கடை. பகைக் குழுக்களைச் சேர்ந்த பையன்கள் அக்கடையில் ஒரே மேசையில் மாவு பிசைந்தனர். அது பின்னர் 'ஹோம்பாய்' என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. எண்டாலிக்கும் இதற்கும் மொழி ஒன்றன்று, நாடு ஒன்றன்று. வாரந்தோறும் கூடியது ஒன்று. திறந்துவிடக் கையில் ஒரு கட்டடம் இருந்தது ஒன்று.

கட்டடத்தைத் திறப்பது என்றதும் ஒருவரைப் பற்றிக் கூறாமல் இருக்க முடியாது. விலங்கியல் மாணவர் சற்றுக் கூர்ந்து கேட்கவேண்டும். அயர்லாந்தில் பிறந்து 1956-இல் இந்தியா வந்த கன்னியர் சிரில் மூனி, விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1979-இல் சியால்தாவிலுள்ள லொரெட்டோ பகல்நேரப் பள்ளிக்குத் தலைவியானார். எண்டாலிக்கு அருகே, ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் உள்ள பள்ளி. பெயர் பெற்ற ஆங்கிலப் பள்ளி. இடம் கிடைக்கப் பெற்றோர் தவம் கிடப்பர். வாயிலுக்கு வெளியே சியால்தா ரயில் நிலையத்துப் பிள்ளைகள் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தனர். அவர் முதலில் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளைப் பெருமளவில் சேர்த்தார். நாளடைவில் மாணவியருள் ஏறத்தாழப் பாதிப் பேர் கட்டணமின்றிப் படிப்பவராயினர். ஒரே வகுப்பு, ஒரே சீருடை. யார் பணம் கட்டுகிறார், யார் கட்டவில்லை என்று தெரியாது. பிறகு 1985-இல் 'வானவில்' திட்டம். தெருப் பிள்ளைகள் எந்த நேரத்திலும் பள்ளிக்குள் வரலாம். மணி அடித்தபின் வந்தாலும் குற்றமில்லை. வந்த பிள்ளைக்கு, ஐந்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் மாணவி ஒருத்தி அருகில் அமர்ந்து சொல்லித் தருவாள். ஒரு மாணவிக்கு ஒரு பிள்ளை. இது அவளுக்குப் பாடத்திட்டத்தில் உள்ள பணிக்கல்வி, மதிப்பெண் உண்டு!

இந்த மதிப்பெண்தான் என்னைக் கவர்ந்தது. சிலர் முகம் சுளிக்கலாம், "மதிப்பெண்ணுக்காகச் செய்வது தொண்டா?" என்பர். செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை என்று கால அட்டவணையில் எழுதிவிட்டால், அன்று மனத்தில் இரக்கம் சுரந்ததா என்று எவரும் கேட்பதில்லை. பிள்ளை வருகிறது, சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. எங்கள் நால்வருக்கும் இரக்கத்துக்குக் குறைவில்லை. கால அட்டவணைதான் இல்லை. இரவில் படுக்க இடமில்லாத சிறுமியருக்காகப் பள்ளியின் மொட்டைமாடியில் இல்லம் அமைந்தது. பஸ்தி இளைஞருக்கே பயிற்சியளித்து அவர்களை ஆசிரியராக்கும் முயற்சியும் நடந்தது. 2007-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2023-இல் இந்நகரத்திலேயே மறைந்தார்.

எண்டாலிப் பெண்கள் மதிலைத் தாண்டி வெளியே போனார்கள். சியால்தாவில் மதிலின் வாயிலைத் திறந்து உள்ளே வரச் சொன்னார்கள். இரண்டில் எது சிறந்தது என்று நண்பரோடு ஒரு முழு மாலை வாதிட்டேன். உள்ளே வரச் சொல்வதே சிறந்தது என்பது என் எண்ணம். போகிறவன் நின்றுவிட்டால் எல்லாம் நின்றுவிடும், திறந்த வாயில் அப்படியன்று. ஆனால் நம் சங்கத்துக்கு வாயிலும் இல்லை, மதிலும் இல்லை. வாடகைக்கு எடுக்கும் கூடத்தில் ஆண்டுக்கு இரண்டு விழா நடத்துகிறோம். ஆகவே இப்போதைக்கு நாம் போகத்தான் வேண்டும்.

ஆறு வாரமாக மீண்டும் போகிறோம். பலகையை மூன்று மாடி ஏற்றுவதில்லை. நடைபாதையில் தேநீர் விற்கும் பெரியவர் தம் கடைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துக்கொள்ள இசைந்தார். அவருக்குப் பேத்தி ஒருத்தி உண்டு, அவளையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பதே வாடகை. நாள் சனிக்கிழமை, மாலை 4 மணி. எல்லை மேம்பாலத்தின் பாலிகஞ்ச் பக்கம் தொடங்கி நிலையப் படிக்கட்டு வரை. அதற்கு மேல் எங்களால் ஆகாது என்று ஒப்புக்கொண்டோம். அந்த எல்லைக்குள் நடக்க இயலாத பையன் ஒருவன் இருப்பது இரண்டாம் வாரத்தில்தான் தெரிந்தது. அவனிடம் ஒருவர் தனியே போய் உட்காருகிறார்.

சங்க அறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நான்கு இணைகள் வேண்டும். ஒவ்வோர் இணைக்கும் மாதத்தில் ஒரு சனி. ஐந்தாம் சனி வரும் மாதத்தில் அது என்னுடையது. தேர்வு வந்தால் இன்னோர் இணையோடு நாளை மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதைத் தாளில் எழுதவேண்டும். இதுவரை ஐந்து பெயர்கள் வந்துள்ளன. இணைக்கு ஒருவரேனும் வங்காளம் எழுதத் தெரிந்தவராக இருத்தல் நலம். வாய்ப்பாட்டை இங்கே வேறு இராகத்தில் பாடுகிறார்கள். எனக்கு அது பிடிபடவில்லை. அந்தச் சிறுமி இப்போது ஒன்பதாம் வாய்ப்பாட்டில் இருக்கிறாள்.